கீழே நாலு, ஒரு தட்டு

அந்தப் பட்டறையில் சட்டையில் வைத்துத் தைக்கிற பேட்ஜ் போடுகிறார்கள். பள்ளிக்கூடமோ, மருத்துவமனையோ, காவலாளிக் கம்பெனியோ, எதுவானாலும் நூலில் எழுத்து. ஆறு எம்பிராய்டரி மெஷின், பதினோரு பெண்கள், ஒரு முதலாளி, மூலையில் ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர். டிசைன் எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. அதிலிருந்து ஃபிளாப்பியில் ஏற்றிக்கொண்டுவந்து மெஷினில் சொருகினால்தான் ஊசி அசையும். அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவள் சித்தி. யாருக்குச் சித்தி என்று கேட்காதீர்கள். அவளைவிடப் பத்து வயது மூத்த முதலாளிக்கும் அவள் சித்திதான்.

கம்ப்யூட்டருக்கு மறதி வியாதி. உள்ளே நாணயம் அளவுக்கு ஒரு பேட்டரி உண்டு. அது செத்து வருஷக்கணக்காகிறது. முதலாளிக்கோ தீ என்றால் பயம். சாயங்காலம் மெயின் சுவிட்சை அணைக்காமல் வீட்டுக்குப் போகமாட்டார். அதனால் விடிவதற்குள் அதற்கு எல்லாம் மறந்துபோகும். தன் ஹார்ட் டிஸ்க்கை எப்படிப் படிப்பது, ஃபிளாப்பி என்று ஒன்று இருக்கிறதா இல்லையா, பிரிண்டரோடு எப்படிப் பேசுவது, ஒன்றும் நினைவிருக்காது. தினமும் காலையில் பயாஸ் என்கிற நீலத் திரைக்குள் போய், ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஒன்பது வருஷமாகச் சித்திதான் சொல்லிக்கொண்டிருந்தாள். சுவிட்சைப் போட்ட கையோடு டிலீட் பட்டனைப் படபடவென்று தட்டுவாள். நீலத் திரை வந்ததும் உதடு மட்டும் அசையும். "கீழே நாலு, ஒரு தட்டு. கீழே ரெண்டு, ஒரு தட்டு. வலது பக்கம் ஒண்ணு, கீழே மூணு, ஒரு தட்டு." எண்ணிக்கை தப்பக் கூடாதே என்று தட்டுக்கு ஒரு மூச்சு விடுவாள். பத்து நிமிடம் ஆகும். மற்ற பத்துப் பேரும் கையில் டீயோடு பின்னால் நிற்பார்கள். மாமியார் கதை, பல்வலி, பிள்ளையின் மார்க்கு, எல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில்தான். அப்புறம் சாயங்காலம் வரை மெஷின் போடுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவள் தும்மினால்கூடக் கேட்காது.

ஒரே ஒரு விஷயம். அந்தத் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று சித்திக்குத் தெரியாது. முதல் முதலில் வந்த மெக்கானிக் ஒரு பழைய ரசீதின் பின்பக்கம் எண்ணிக்கையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். சித்தி மனப்பாடம் செய்துவிட்டு அதைக் கிழித்துப் போட்டாள். கம்ப்யூட்டர் தெரிந்தவள் என்று பேர் வந்த பிறகு, போய் எவனிடம் அர்த்தம் கேட்பது?

இந்த நேரத்தில் மகளுக்குப் பிரசவம். சித்தி ஒரு வாரம் லீவு போட்டாள். முதலாளி தானே உட்கார்ந்து பார்த்தார். இரண்டு நாள் ஒரு ஊசியும் அசையவில்லை. மூன்றாம் நாள் ஒரு மெக்கானிக்கை வரவழைத்தார். அவன் புதுப் பேட்டரியைப் போட்டு, எல்லாவற்றையும் சரியாக வைத்துவிட்டு, "இனிமே மறக்காது சார்" என்று சொல்லிவிட்டுப் போனான். மறந்தது முதலாளிதான். சித்தியிடம் அவர் சொல்லவே இல்லை.

திங்கட்கிழமை சித்தி வந்தாள். சுவிட்சு, டிலீட், கீழே நாலு, ஒரு தட்டு. அந்தத் தட்டு இருக்கிறதே, அது விளக்கு சுவிட்சு மாதிரி. அணைந்திருந்தால் எரியும், எரிந்துகொண்டிருந்தால் அணைந்துவிடும். சரியாக இருந்ததையெல்லாம் சித்தி மூச்சுவிட்டு மூச்சுவிட்டுத் தலைகீழாக்கினாள். டிஸ்க்கே இல்லை என்று சொல்லிவிட்டது கம்ப்யூட்டர். சித்தி சுவிட்சை அணைத்துப் போட்டாள். மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். எல்லாம் நிமிர்ந்துகொண்டது!

செவ்வாயும் அப்படியே. முதல் தடவை படுத்துக்கொண்டது, இரண்டாம் தடவை எழுந்துகொண்டது. யானைக்கும் அடி சறுக்கும் என்று ஒருத்தி ஆறுதல் சொன்னாள். புதன்கிழமை சித்தி விரலை மடக்கி மடக்கி எண்ணினாள். அதற்கும் மசியவில்லை. எண்ணக்கூட மறந்துவிட்டதா, வயசாகிவிட்டதா என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

முதலாளி பார்த்துக்கொண்டே இருந்தார். "சித்தி, வெள்ளிக்கிழமை மெக்கானிக்க வரச் சொல்லியிருக்கேன். இதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடலாம். புதுசை என் மருமக பாத்துக்குவா. நீங்க பேட்ஜ் எண்ணிக் கட்டுற பக்கம் போயிடுங்க."

ஒன்பது வருஷத்து நாற்காலி. சித்திக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை, பேட்டரி போட்ட அதே மெக்கானிக் வந்து அவள் பின்னாலேயே நின்றுகொண்டான். முதலாளி வாசலில் போனில் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார். நீலத் திரை வந்தது. கீழே நாலு. சித்தி விரலைத் தூக்கினாள்.

"அக்கா, இருங்க. அது சரியாத்தானே இருக்கு? ஏன் மாத்துறீங்க?"

"எது?"

"அதான், ஹார்ட் டிஸ்க். அதுல என்ன போட்டிருக்கு, படிங்க."

சித்தி திரையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "தம்பி, எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது. ஒம்பது வருஷமா எண்ணித்தான் தட்டுறேன்" என்றாள்.

மெக்கானிக் திரையை விட்டு அவள் பக்கம் திரும்பினான். "ஒம்பது வருஷமாவா?"

"சிரிக்காதே."

"சிரிக்கலக்கா. நீங்க லீவுல இருந்தப்பவே பேட்டரி மாத்திட்டேன். இனிமே நீங்க ஒண்ணுமே தட்ட வேண்டாம்." குனிந்து ஒவ்வொரு வரியாகக் காட்டினான். இது ஹார்ட் டிஸ்க், இது ஃபிளாப்பி, இது பிரிண்டர். ஒன்பது வருஷம் தினமும் தொட்டுக்கொண்டிருந்தவர்களின் பெயரைச் சித்தி அன்றைக்குத்தான் கேட்டாள். எதையும் மாற்றாமல் வெளியே வந்தாள். கம்ப்யூட்டர் ஒரே மூச்சில் எழுந்து நின்றது.

முதலாளி உள்ளே வந்தார். "என்ன, ஓடுதா?"

"ஓடுது சார். இனிமே மறக்காது. புதுசு வேண்டாம். அக்கா கையிலேயே இருக்கட்டும்" என்றான் மெக்கானிக்.

"அப்போ காலையில வந்ததும் நேரா வேலைய ஆரம்பிச்சிடலாம்னு சொல்லு. பத்து நிமிஷம் மிச்சம்!"

சித்தி திரும்பிப் பார்த்தாள். டீ கிளாஸோடு நின்ற பத்து முகமும் தொங்கிப்போயிருந்தன. ஒன்றும் தெரியாத ஒன்பது வருஷத்தில் இந்தக் கம்ப்யூட்டர் பேரைச் சொல்லி அவள் ஒரு பொய் சொன்னதில்லை. தெரிந்துகொண்ட ஐந்தாவது நிமிடம் வாயைத் திறந்தாள்.

"அது எப்படி முதலாளி? பழைய மெஷின். தினமும் உள்ள போய் ஒவ்வொண்ணாப் பாத்துடணும்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"பத்து நிமிஷம்."

மெக்கானிக் இருமினான். "ஆமா சார். பாத்துடறது நல்லது."

அடுத்த திங்கட்கிழமை சித்தி நீலத் திரைக்குள் போனாள். ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. ஃபிளாப்பி இருக்கிறது. பிரிண்டர் இருக்கிறது. பார்த்து முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. முதுகுக்குப் பின்னால் ஒருத்தி மாமியார் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

"சித்தி, நிதானமாப் பாருங்க. அவசரமே இல்ல."

சித்தி மறுபடி மேலே போய், முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள்.