பேயா, பேரிங்கா?

“...பேய் ஜெயிச்சுப் படம் முடியறது எந்த ஊர்லீங்க நடந்திருக்குது? பொள்ளாச்சியில பேய் தோக்குது, ஈரோட்டுல தோக்குது. குன்னூர்ல மட்டும் எப்படீங்க ஜெயிக்குது? கடைசி ரீல் எங்கீங்க மணி?”

இப்படிக் கேட்டுக்கொண்டே எங்கள் கேபின் படியேறி வந்தவர் பொன்னுசாமி. கோயமுத்தூர் விநியோகஸ்தர் ஆபீஸின் ரெப். படப்பொட்டி போகிற ஊருக்கெல்லாம் பின்னாலேயே போய், படம் ஒழுங்காக ஓடுகிறதா, டிக்கெட் ஒழுங்காகக் கிழிகிறதா என்று பார்ப்பது அவருடைய வேலை. கேபின் என்பது புரொஜெக்டர் அறை. அங்கே ஆபரேட்டரும் நான்தான், சவுண்டு மெக்கானிக்கும் நான்தான். அவர் தேடிய ரீல் அவருடைய கால்மாட்டிலேயே, ஸ்டூலுக்கு அடியில், தகர டப்பாவில் இருந்தது. என் லுங்கி அதன்மேல் காய்ந்துகொண்டிருந்தது.

அவருக்கு என்ன பதில் சொன்னேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். குன்னூரில் பேய் ஜெயித்த கதையை முதலில் சொல்ல வேண்டும். இப்போது லேப்டாப்பில் சவுண்டு பார்க்கிற தம்பி தங்கைகளுக்கு அது உபயோகப்படலாம்.

ஸ்பீக்கர் செத்துப்போச்சு

தேயிலை விலை விழுந்த வருஷங்கள் அவை. பச்சை இலைக்குக் கிடைத்த விலை பறிக்கிற கூலிக்கே காணாது. சோலூர்ப் பக்கமும் கோத்தகிரிப் பக்கமும் செடியில் இலை பறிக்காமல் விட்டதால், அது மரமாக வளர்ந்து நின்றது. சின்ன ஃபேக்டரிகள் ஒவ்வொன்றாக நின்றன. ஃபேக்டரி நின்றால் பஜார் நிற்கும், பஜார் நின்றால் தியேட்டருக்கு யார் வருவார்கள்? முதலாளி சின்னசாமி ஒரு நாள் பால்கனியில் நின்று, காலியாகக் கிடந்த சேர்களைப் பார்த்துச் சொன்னார்.

“வர்ற படமும் போகலீன்னா சேரையெல்லாம் கழட்டீட்டு கேரட் மூட்டை அடுக்கீருவனுங்க மணி. கேரட்டாச்சும் இன்டர்வெல்லுல எந்திரிச்சுப் போகாது.”

விளையாட்டுக்குச் சொல்கிற ஆள் இல்லை அவர். சேரின் போல்ட்டுக்கு எந்த சைஸ் ஸ்பேனர் என்று என்னிடமே கேட்டார். என் வேலையைப் பிடுங்குகிற ஸ்பேனரை நானே எடுத்துக் கொடுத்தேன்.

வந்த படம் இங்கிலீஷ் பேய்ப்படம், தமிழில் பேசியது. பாட்டு கிடையாது. படம் ஆரம்பித்துப் பத்து நிமிஷத்துக்குள் ஜனங்கள் திரும்பி கேபினைப் பார்த்து விசில் அடித்தார்கள். நானும் அவர்கள் கட்சிதான். அடியில் ஒரு ஹம், எர்த் சரியில்லாத ஆம்ப்ளிஃபயர் போல. அதற்கு மேலே இரும்புத் தகட்டை சிமெண்டுத் தரையில் இழுக்கிற சத்தம். அதற்கும் மேலே ஒரே அடி, திரும்பத் திரும்ப. ஊஃபர் ஸ்பீக்கர் அதிர்ந்ததில் சீலிங்கிலிருந்து பல வருஷத்துத் தூசி சாவகாசமாக இறங்கியது.

இன்டர்வெல்லில், ரீலின் சத்தத்தைப் படிக்கிற எக்ஸைட்டர் லாம்பை மாற்றினேன். சவுண்டு ஹெட்டைத் துடைத்தேன். ஆம்ப்ளிஃபயரையே மாற்றிப் பார்த்தேன். அதே கரகரப்பு. ஒரு விளம்பர ரீலைப் போட்டேன், பற்பசைக்காரி வெண்கல மணி மாதிரிப் பேசினாள். சரி, பிரிண்டில்தான் கோளாறு என்று கோயமுத்தூர் ஆபீஸுக்குப் போன் போட்டேன்.

“அதுதாங்க மியூசிக்” என்றார் அங்கே இருந்தவர்.

“எதுங்க?”

“அந்த இரைச்சல்.”

“இரைச்சலுக்கு நடுவால மியூசிக் இருக்குதுங்களா?”

“இரைச்சலேதாங்க மியூசிக். இண்டஸ்ட்ரியல் மியூசிக்னு பேரு. மெஷின் சத்தத்தையெல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டுக் கலக்கறது. மெட்ராஸ்ல காலேஜ் பசங்க சொக்கிப்போய்க் கேக்கறாங்க.”

“எங்கூர்ல மெஷினெல்லாம் நின்னுபோச்சுங்க. நீங்க சத்தத்த மட்டும் பொட்டியில அனுப்பியிருக்கறீங்க.”

அவர் போனை வைத்துவிட்டார். விஷயத்தை முதலாளியிடம் சொன்னேன். அவர் டிக்கெட் கவுன்டரில் ஒரு அட்டை எழுதி மாட்டினார்: ‘ஸ்பீக்கர் நன்றாக உள்ளது. சத்தமே அப்படித்தான்.’ நான் பார்த்த சினிமா விளம்பரங்களில் இவ்வளவு உண்மை பேசியது வேறு இல்லை.

பேய் செய்த வேலை

படத்தின் கதை இதுதான். மூடிக்கிடக்கிற ஒரு இரும்பு ஃபேக்டரி. ஹீரோ அதை வாங்கி, இடித்துவிட்டு ஹோட்டல் கட்டப் போகிறான். செத்துப்போன ஃபோர்மேன் ஒருவன் பேயாக வந்து மெஷின்களை ஓட்டுகிறான். ஹீரோ பயப்படுகிறான், ஹீரோயின் பயப்படுகிறாள், பார்க்கிறவர்களும் பயப்பட வேண்டும். படம் எடுத்தவர்கள் போட்ட கணக்கு அவ்வளவுதான்.

எங்கள் மேட்னிக்கு வந்தவர்களோ ஃபேக்டரி மூடியதால் பகலில் வேலையில்லாதவர்கள். முன் வரிசையில் யூசுப் பாய். டீ ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்தவர், தொண்டையில் வால்யூம் கன்ட்ரோல் கிடையாது. பேய் முதல்முறை வருகிற சீன். திரை முழுக்க இருட்டு, கிறீச்சென்று ஒரு சத்தம் நீளமாக வருகிறது. பின்னால் ஒரு பெண் பிள்ளை பயந்து கத்தினாள். யூசுப் பாய் திரும்பி அவளுக்கு ஆறுதல் சொன்னார்.

“பேயில்லம்மா, பேரிங்கு.”

தியேட்டர் முழுக்கச் சிரித்தது. ஆனால் விஷயம் அதோடு நிற்கவில்லை. “ரோலர் பேரிங்கெல்லாம் இல்லீங் பாய், அது டிரையர் ஃபேன் பெல்ட்டு வழுக்கறது” என்றார் இன்னொரு ஃபேக்டரிக்காரர். இலையைச் சுருட்டுகிற ரோலரின் கட்சி, உலர்த்துகிற டிரையரின் கட்சி என்று தியேட்டர் இரண்டாகப் பிரிந்தது. மறுநாள் இரண்டு கட்சியும் தங்களுக்குச் சாட்சி சொல்ல ஆள் கூட்டி வந்தன. அதற்கும் மறுநாள் சாட்சிகள் குடும்பத்தைக் கூட்டி வந்தார்கள். அது ரோலருமில்லை, டிரையருமில்லை, எங்கோ வெளிநாட்டில் ஒரு பையன் ரம்பத்தைத் தேய்த்து எடுத்த சத்தமாகக்கூட இருக்கும். அதைச் சொல்லி நான் ஏன் கூட்டத்தைக் குறைக்க வேண்டும்?

சவுண்டைக் கூட்டிக் குறைக்கிற ஃபேடர் வழக்கமாக ஏழில் இருக்கும். தூசிக்குப் பயந்து ஐந்துக்கு இறக்கினேன். கீழேயிருந்து பாயின் குரல் வந்தது.

“மணி, சவுண்டக் கூட்டுப்பா. டிரையர் கேக்கவே மாட்டேங்குது.”

எட்டுக்கு ஏற்றினேன். கை தட்டினார்கள்.

பேய்க்கு ஒரு வசனம் உண்டு. மெட்ராஸில் யாரோ கட்டைக் குரலில் பேசியிருந்தார்: “இந்த ஆலை ஒருபோதும் நிற்காது.” பேய் அதைச் சொன்னதும் விழுந்த விசில் இருக்கிறதே, எந்த ஸ்டாருக்கும் எங்கள் தியேட்டரில் அப்படி விழுந்ததில்லை. டீ ஃபேக்டரியின் சார்ட்டிங் ரூமில் இருபது வருஷம் தூள் சலித்த மாரியாயி அக்கா, பக்கத்து சேர்க்காரியிடம் சொன்னது கேபின் வரைக்கும் கேட்டது.

“செத்தும் ஃபேக்டரிய ஓட்டறான் பாரு. நம்ம ஓனரு உசுரோட இருந்தே மூடீட்டான்.”

ஹோட்டல் கட்ட வந்த ஹீரோவுக்கோ திரையில் தலை காட்டினாலே திட்டு. “வந்துட்டான்டா ரிசார்ட்டு” என்பார்கள். எங்கள் மலையில் அப்போது மூடிய பங்களாக்களுக்கு முன்னால் காரை நிறுத்திவிட்டு, ரிசார்ட் கட்ட சில பேர் இடத்தை அளந்துகொண்டிருந்தார்கள். அந்தக் கோபமெல்லாம் அந்த வெள்ளைக்காரப் பையன் தலையில் விடிந்தது.

செருப்பு

கடைசி ரீலில் ஹீரோ மெயின் ஸ்விட்சைப் பிடித்து இழுக்கிறான். மெஷின் நிற்கிறது, பேய் போய்விடுகிறது, சுபம். நாலாம் நாள் மேட்னியில் அவன் ஸ்விட்சில் கை வைத்ததும் ஒரு செருப்பு பறந்து போய்த் திரையில் விழுந்தது. ஸ்கிரீனில் விரல் நுழைகிற அளவுக்குக் கிழிசல்.

முதலாளி ஏணி போட்டு ஏறிக் கிழிசலைத் தடவிப் பார்த்தார். இறங்கி வந்து தீர்ப்புச் சொன்னார்.

“நாளையிலிருந்து கடைசி ரீல் வேண்டாமுங்க மணி.”

“படம் முடியாதுங்களே.”

“அவனுக அங்க முடிக்கறானுக. நாம இங்க முடிச்சுக்கறோம். ஸ்கிரீனு என்னுதுங்க.”

அதற்கு முந்தின ரீல் முடிகிற இடம் தோதாக அமைந்திருந்தது. எல்லா மெஷினும் ஓடுகிறது, பொறி பறக்கிறது, பேய் நடுவில் நின்று கையை விரிக்கிறது. நான் அதோடு நிறுத்தி, ரோஜாப்பூ போட்ட ‘வணக்கம்’ சிலைடைத் தள்ளினேன். ஜனங்கள் ஷிஃப்ட் முடிந்து போகிறவர்கள் மாதிரிப் பேசிக்கொண்டே வெளியே போனார்கள். மூன்று நாள் தொடர்ந்து மேட்னி ஹவுஸ்ஃபுல். ஸ்பேனர் என் டப்பாவுக்குத் திரும்பி வந்தது. முதலாளி பஜாரில், “எடிட்டிங் நான்தானுங்க” என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்த நேரத்தில்தான் ஊட்டியிலிருந்து வந்து படம் பார்த்த ஒரு காலேஜ் பையன், பேய்க்கு அப்புறம் என்ன ஆச்சு என்று கோயமுத்தூர் ஆபீஸுக்கே போன் போட்டுக் கேட்டான். பொன்னுசாமி பஸ் ஏறினார்.

மேட்னி

இனி நான் சொன்ன பதில். லுங்கியை எடுத்துவிட்டு, டப்பாவைக் காட்டினேன்.

“முதலாளி எங்கீங்க?” என்றார்.

முதலாளி, ரெப்பின் பையைத் தூரத்தில் பார்த்ததுமே பின்படி வழியாக இறங்கி, பர்லியாருக்குப் பழம் வாங்கப் போய்விட்டிருந்தார். அவ்வளவு அவசரமான பழம் எது என்று கேட்க எனக்கு வாய்க்கவில்லை.

“ஏனுங்க மணி, முழுப் படத்துக்குத்தான பொட்டி கொடுத்தோம்? இன்னிக்கு மேட்னியில கடைசி ரீல் ஓடோணும். நான் ஜனங்களோட உக்காந்து பாப்பேன். ஓட்டலீன்னா பொட்டியத் தூக்கீட்டுக் கீழ எறங்கீருவனுங்க. அப்புறம் எங்க ஆபீஸ்ல இருந்து உங்களுக்குப் பொட்டியே வராது.”

பொட்டி வராவிட்டால் கேரட்தான். ஓட்டினால் செருப்பு, ஸ்கிரீன், அதற்கப்புறம் கேரட். எந்தப் பக்கம் போனாலும் கேரட்.

“ஓட்டறனுங்ணா” என்றேன். “முன்னாடி உக்காராதீங்க, செருப்பு வரும்.”

அவர் நடு வரிசையில் மாரியாயி அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பேரிங், பெல்ட், விசில் எல்லாம் வழக்கம் போல நடந்தது. பேய் கையை விரித்தது. வணக்கம் வரும் என்று பாதிப் பேர் எழுந்தார்கள். நான் அடுத்த புரொஜெக்டரை ஸ்டார்ட் செய்து கடைசி ரீலுக்கு மாறினேன். எழுந்தவர்கள் நின்றபடியே பார்த்தார்கள்.

ஹீரோ ஸ்விட்சை இழுத்தான். முதல் நாலு நாளும் இந்த இடத்தில் நான் முந்தின ரீலைத் திருப்பிச் சுற்றுவதில் கவனமாக இருந்தேன், நாலாம் நாள் செருப்புச் சத்தம் வேறு. அன்றைக்குத்தான் முழுசாகக் கேட்டேன். மியூசிக் போட்டவன் கெட்டிக்காரன். சத்தத்தை ஒரேயடியாக நிறுத்தவில்லை. முதலில் தகட்டுச் சத்தத்தை எடுக்கிறான். அப்புறம் அந்த அடி ஓய்ந்து, தள்ளித் தள்ளி விழுந்து, நிற்கிறது. கடைசியில், அடியில் ஓடிய அந்த ஹம். படம் ஆரம்பித்ததிலிருந்து ஓடிக்கொண்டே இருந்ததால் அது இருப்பதையே மறந்துபோயிருந்தோம். அதுவும் போனதும், லாம்ப்தான் போய்விட்டது என்று நினைத்து என் கை தானாக ஃபேடருக்குப் போனது. லாம்ப் நன்றாகத்தான் எரிந்தது.

செருப்பு வரவில்லை. விசில் இல்லை. நின்றவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். எழுத்துப் போடுகிறது, அதற்கும் சத்தமில்லை, யாரும் எழவில்லை. நான் விளக்கைப் போட்டேன், அப்போதும் எழவில்லை. மற்ற ஊர்களில் அந்தச் சத்தத்துக்குப் பயந்தார்கள். எங்கள் ஊருக்கு அது நின்றதுதான் தாங்கவில்லை. சவுண்டு வேலையில் அதற்கப்புறம் எந்த ஸ்பீக்கரை மாட்டினாலும், இந்த ஊரில் எந்தச் சத்தம் நின்றுபோயிருக்கிறது என்று விசாரித்துக்கொண்டுதான் மாட்டினேன்.

கேபின் சுவரிலிருந்த துவாரம் வழியாகப் பார்த்தேன். பொன்னுசாமி மாரியாயி அக்காவிடம் ஏதோ கேட்கிறார். அந்த அமைதியில் இரண்டு பேர் பேச்சும் மேலே வந்தது.

“ஏனுங்கம்மா, படம் முடிஞ்சுதே. எந்திரிக்கலீங்களா?”

“எங்க ஃபேக்டரிய நிறுத்துன அன்னிக்கும் இப்படித்தானுங்க உக்காந்திருந்தோம். கரண்ட்டுதான் போயிருக்குது, மறுபடி ஓட்டுவாங்கன்னு.”

பொன்னுசாமி கேபினுக்கு ஏறி வந்தார். ஓடி முடிந்த ரீல் இன்னும் புரொஜெக்டரில் இருந்தது. கழற்றச் சொல்லிக் கையைக் காட்டினார். டப்பாவில் வைத்து மூடி, தன் தோளிலிருந்த துண்டை எடுத்து அதைச் சுற்றி முடிச்சுப் போட்டுக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பேய் கையை விரிக்கிற ரீலோடு முடிகிற மீதிப் பொட்டியைத் தொடவில்லை. படி இறங்கி, ரோட்டைத் தாண்டி, கிளம்பிக்கொண்டிருந்த மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.