அக்கா சொன்ன நீலம்

லினக்ஸ் போட்ட எந்தக் கணினியைத் திறந்தாலும் திரையின் பின்னணிப் படமாகப் பனிமலை ஒன்று நிற்கும். ஆம்பூரில், மே மாதத்தில், மின்விசிறிகூட அனல் காற்றை வீசும் வேளையில் அந்தப் பனிமலையைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும். யாரைக் கேட்டு வைத்தார்கள்? அந்த எரிச்சலில்தான் திரைப் பின்னணிக்கு நானே ஒரு நிரல் எழுத உட்கார்ந்தேன். வீட்டிலிருந்தே மென்பொருள் வேலை பார்க்கிறவனுக்கு இப்படி வேண்டாத வேலைக்கும் நேரம் கிடைக்கும்.

என் நிரலில் படம் என்று எதுவும் கிடையாது. அதற்கு ஓர் எண்ணைக் கொடுத்தால் போதும். அந்த எண்ணிலிருந்து கணக்குப் போட்டு ஒரு மலைத்தொடரை வரையும்; எங்கள் பக்கத்து மொட்டைப் பாறை மலைகள்தான். மேலே வானம், நாலு மேகம். நேரம் நகர நகர வெளிச்சமும் மாறும். நாளைக்கு வேறு எண், வேறு மலை. ஆனால் அதே எண்ணை மறுபடி கொடுத்தால் அதே மலை, அதே மேகம், இம்மி பிசகாமல் வரும். மூல நிரலை யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் போட்டுவைத்தேன். எங்கெங்கோ இருந்தவர்கள் எடுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

மலை சுலபமாக வந்துவிட்டது. நிறத்தில்தான் திண்டாடினேன். அதற்கு என் அக்கா இருந்தாள்.

அக்கா ஒரு தோல் கம்பெனியில் ஷேட் பார்க்கிறவள். சாயம் போட்டு வந்த தோலை, வெளிநாட்டுக்காரன் கொடுத்த மாதிரித் துண்டோடு வைத்துப் பார்த்து, நிறம் சேர்கிறதா இல்லையா என்று சொல்ல வேண்டும். அவள் சேரும் என்றால் அந்த லாட் சரக்கு மொத்தமும் கப்பலேறும், இல்லையென்றால் நிற்கும். இருபது வருடத்துக்கு மேல் அதே மேசை. புடவைக் கடைக்கு அவளோடு போனால் கடைக்காரருக்கே வியர்த்துவிடும். வீட்டில் மாடிப்பகுதி அவளுடையது, கீழ்ப்பகுதி என்னுடையது. வேலை முடிந்து வந்ததும் நேராக என் அறைக்கு வந்து, டீயைக் கையில் வைத்துக்கொண்டு திரையைப் பார்ப்பாள்.

"இன்னாடா இது, மஞ்சள் ஜாஸ்தியா இருக்குது. கம்மி பண்ணு."

கம்மி பண்ணுவேன். பத்து நாள் கழித்து மறுபடி, "இன்னும் கொஞ்சம் நீலம் ஏத்து. வானம் செத்துப்போன மாதிரி கெடக்குது." ஏற்றுவேன். இப்படியே ஒரு வருடத்துக்கு மேல் போனது. அவள் சொல்வது எதையும் நான் சரிபார்த்ததில்லை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மாறுவதைத் தினமும் பார்க்கிறவன் எப்படிக் கண்டுபிடிப்பான்?

எங்கோ ஒரு தேசத்திலிருந்து ஒருவர் எழுதினார். 'உங்கள் ஊரில் சாயங்காலம் ஏன் இவ்வளவு நீலமாக இருக்கிறது?' எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. இந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்த கண் நிறம் பார்த்தே சோறு சாப்பிடுகிற கண், உங்கள் திரையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்று பதில் போட்டேன். அக்காவிடம் சொன்னபோது சிரித்தாள். பெருமையாகத்தான் இருந்தது அவளுக்கு.

அடுத்த மாதமே கம்பெனியில் பிரச்சினை. அக்கா சரியென்று விட்ட நேவி ப்ளூ லாட் ஒன்று திரும்பி வந்துவிட்டது. நீலத் தோல்களுக்கு நடுவே கறுப்புத் தோல்கள் கலந்திருந்தனவாம். அன்றைக்கு என் அறைக்கு வந்தவள் டீயைத் தொடவில்லை.

"புதுசா ட்யூப் லைட் மாத்தினானுங்க. அந்த வெளிச்சத்துல எவனுக்குத் தெரியும்? பேஜாராப் போச்சு. இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா பேக்கிங்குக்குப் போகச் சொல்றார் மேனேஜர்."

டப்பா ஒட்டுவது கேவலமான வேலை என்று அவள் நினைக்கவில்லை. ஆனால் அந்த மேசையிலிருந்து எழுப்பிவிட்டால், அவள் நம்பியிருக்கிற ஒன்றே ஒன்றை அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டதாக ஆகும். நானும் சேர்ந்து ட்யூப் லைட்டையும் கம்பெனியையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

அந்த வாரமே அந்த வெளிதேசத்து ஆசாமியிடமிருந்து மறுபடி பதில் வந்தது. என் நிரலின் முதல் பதிப்பையும் இப்போதைய பதிப்பையும் ஒரே எண் கொடுத்து ஓட்டி, இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி அனுப்பியிருந்தார். அதே மலை, அதே மேகம். முதல் படத்தில், எங்கள் ஊர்ச் சாயங்காலம். இரண்டாவதில், ஊரையே நீலச் சாயத்தொட்டியில் முக்கி எடுத்த மாதிரி இருந்தது.

இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். பிறகுதான் புரிந்தது. ஒவ்வொரு முறையும் அவள் குறைக்கச் சொன்ன மஞ்சள் என் திரையில் இருக்கவே இல்லை. அது அவள் கண்ணில் இருந்திருக்கிறது. நிஜ வானமும் அவளுக்கு அப்படித்தான் மங்கிப்போயிருக்கும். அதைத் திருத்தச் சொல்ல ஆளில்லை. திரையைத் திருத்த நான் இருந்தேன். மஞ்சள் ஏறிய கண்ணுக்கு நீலமும் கறுப்பும் ஒன்றாகத் தெரிந்ததில் ஆச்சரியம் என்ன?

சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுதான் முதலில் தோன்றியது. ட்யூப் லைட் என்றே அவள் நம்பட்டும் என்று இருந்தது. ஆனால் அடுத்த நேவி லாட் வரத்தானே போகிறது.

மறுநாள் சாயங்காலம் இரண்டு படங்களையும் திரையில் வைத்து, எது நன்றாக இருக்கிறது என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை, நீலத்தைக் காட்டினாள்.

"இதுதான்டா சாயங்காலம். அது எலுமிச்சம்பழம் புழிஞ்ச தண்ணி மாதிரி இருக்குது."

"அக்கா, எல்லாருக்கும் அதுதான் சரியா தெரியுது. உன் கண்ணை ஒருவாட்டி காட்டிட்டு வந்துடலாம்."

அவள் முகம் மாறிவிட்டது. "ஊர் பேர் தெரியாத எவனோ சொன்னான்னு என் கண்ணையே குறை சொல்றியா நீ?" என்று டம்ளரை நங்கென்று வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். சில நாள் கீழே வரவில்லை. படியில் பார்த்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு போனாள். சொல்லியிருக்கவே வேண்டாமோ என்று எனக்குத் தோன்றியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே வந்து வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை. "மாடியில காயப்போட்ட பாவாடை ரெண்டு. ஒண்ணு கறுப்பு, ஒண்ணு நீலம். எது எதுன்னு தெரியலடா," என்றாள்.

வேலூருக்கு பஸ் ஏறினோம். பார்த்த டாக்டர், இரண்டு கண்ணிலும் புரை விழுந்து மஞ்சள் படிந்திருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை, ஒன்று ஒன்றாக ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார். முதலில் வலது கண்ணுக்குச் செய்தார்கள்.

கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்ததும், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என் கணினி முன்னால் உட்கார்ந்தாள். அந்த இரண்டு படங்களையும் போடச் சொன்னாள். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். கையை எடுத்து வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். மறுபடி மாற்றினாள்.

"எத்தனை நாளாடா இப்படிப் பார்த்துட்டு இருந்தேன்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். நிஜமாகவே தெரியாது.

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. போனை எடுத்து மேனேஜரைக் கூப்பிட்டாள்.

"சார், அந்த லாட்டு என் தப்புதான். லைட்டு நல்லாத்தான் இருக்குது, என் கண்ணுதான் கெட்டிருந்தது. ஒண்ணு முடிஞ்சது, இன்னொண்ணும் முடிச்சுட்டு வர்றேன். நேவியும் கறுப்பும் கலந்து என் முன்னாடி கொட்டுங்க. ஒரு பீஸ் தப்பாப் பிரிச்சாலும் நீங்க சொல்ல வேணாம், நானே பேக்கிங்குக்குப் போய்டறேன்."

போனைக் காதில் அழுத்திக்கொண்டு காத்திருந்தாள். கடைசியில், "சரி சார், கலந்து வைங்க, வர்றேன்," என்று சொல்லி வைத்தாள். அப்போதுதான் கவனித்தேன், அவள் என் கையைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள்.