பேனரில் சிரித்த பிள்ளைகள்

செஞ்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே, கோட்டையையே பாதி மறைத்துக்கொண்டு அந்த பேனர் நின்றது. வெள்ளைக்காரப் பிள்ளை ஒன்று, சீனத்துப் பிள்ளை ஒன்று, ஆப்பிரிக்கப் பிள்ளை ஒன்று, நடுவில் நம்மூர் நிறத்தில் ஒன்று. நாலும் ஒரே லேப்டாப்பைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தன. ‘உலகத்தோடு இணைந்த ஒரே பள்ளி! எங்கள் மாணவர்கள், பன்னாட்டு நண்பர்களுடன்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அதற்குக் கீழே, ‘கணினித் துறைத் தலைவர்: திரு. சிவசங்கர், எம்.எஸ்ஸி., பி.எட்.’ துறையாம், தலைவராம்! அந்தத் துறையில் இருந்ததே சிவசங்கர் ஒருத்தன்தான். கரண்ட் போனால் ஜெனரேட்டரைப் போடுவதும், ஆபீஸ் பிரிண்டரில் சிக்கிய தாளை உருவுவதும், ஆண்டு விழாவில் மைக் பிடிப்பதும் அதே தலைவர்தான்.

அவன் சொந்த ஊர் தொண்டூர். மழையை நம்பிப் பயிர் வைக்கிற குடும்பத்தில் முதல் பட்டதாரி. கம்ப்யூட்டர் படித்தால் உலகமே கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கும் என்று அந்தக் காலத்தில் ஊரே சொல்லிற்று. அவனும் நம்பினான். திண்டிவனத்துக்குப் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்ப் படித்தான். பி.எட்.டையும் முடித்துவிட்டு அரசு வேலைக்குக் காத்திருந்ததில் தலைமுடி கொட்டியதுதான் மிச்சம். பிரவீணாவைக் கட்டிக்கொண்ட பிறகு காத்திருக்கவும் வழியில்லாமல் போனது. கடைசியில் கிருஷ்ணமூர்த்தியின் பள்ளியில் சேர்ந்தான்.

கிருஷ்ணமூர்த்தி குடும்பம் கடைத்தெருவில் மூன்று தலைமுறையாகப் பெயின்டும் இரும்புச் சாமானும் விற்கிற குடும்பம். பள்ளிக்கூடம் அவருக்கு இன்னொரு கடை. தப்பாகச் சொல்லவில்லை, அவரே அப்படித்தான் சொல்வார். சரக்கு நன்றாக இருந்தால் மட்டும் போதாது, போர்டு பளிச்சென்று இருக்க வேண்டும் என்பார். வாத்தியார்கள் சேருகிற அன்றைக்கே அவர்களுடைய ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கித் தன் அறை பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார். வருஷ நடுவில் யாரும் வேறு பள்ளிக்கு ஓடிவிடக் கூடாதாம். மனிதனைக் கட்டிப்போட இதைவிட நல்ல கயிறு யாராவது திரித்திருக்கிறார்களா, சொல்லுங்கள். சிவசங்கருக்கு இன்னொரு கயிறும் இருந்தது. அவன் மகள் யுவஸ்ரீ அதே பள்ளியில் நான்காம் வகுப்பு படித்தாள். ஆசிரியர் பிள்ளை என்பதால் ஃபீஸ் கிடையாது.

கோடை விடுமுறையில் மற்றவர்களுக்கு ஓய்வு, இந்த வாத்தியார்களுக்குப் பிள்ளை பிடிக்கிற வேலை. நோட்டீஸ்கட்டைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போக வேண்டும். அப்படித்தான் போன வருஷம் சிங்கவரத்தில் வீராசாமி வீட்டுக்குப் போனான். வீராசாமி நெல்லும், அந்தப் பக்கத்தில் மணிலா என்கிற வேர்க்கடலையும் போடுகிறவர். அவர் மகள் வெண்மதி அரசுப் பள்ளியில் எட்டாவது முடித்திருந்தாள்.

“அங்கியே நல்லாத்தான படிக்குது சார்?” என்றார் வீராசாமி.

“படிக்குதுண்ணா. ஆனா இனிமே படிப்பு மட்டும் போதாது. உலகமே கம்ப்யூட்டர்ல ஒண்ணாயிடுச்சு. நம்ம பசங்க வெளிநாட்டுப் பசங்களோட பேசறாங்க, பழகறாங்க. இதோ பாருங்க.” நோட்டீசில் இருந்த படத்தைக் காட்டினான். பேனரில் இருந்த அதே படம்.

வீராசாமி நோட்டீசை வாங்கி வெகுநேரம் பார்த்தார். “எங்க பாப்பாவும் இப்பிடி உக்காருமா சார்?”

“உக்காரும்ணா” என்றான் சிவசங்கர். வாய் கூசாமல் சொன்னான்.

ஆனால் ஒன்று, பாடம் நடத்துவதில் அவனைக் குறை சொல்ல முடியாது. லேபில் பாதி கம்ப்யூட்டர் ஓடாது. ஓடுகிற பாதியை வைத்துக்கொண்டு, புத்தகத்தில் இல்லாததையெல்லாம் சொல்லிக்கொடுத்தான். வாட்ஸப்பில் வருகிற படத்தை நம்பாதே, யார் எடுத்தது, எந்த ஊர், எந்த வருஷம் என்று பார். படத்தையே போட்டுத் தேடினால் அது வேறு எங்கெல்லாம் வந்திருக்கிறது என்று காட்டிவிடும். “எதிர்காலத்துல இது தெரியாதவன் குருடன்” என்பான். மற்றப் பிள்ளைகள் இது பரீட்சைக்கு வருமா என்று கேட்டன. வெண்மதி மட்டும், “சார், படத்துல பாதிய வெட்டிட்டாலும் கண்டுபுடிச்சிடுமா சார்?” என்று கேட்டாள். அப்படி ஒரு கேள்வி அவன் காதில் விழுந்து எத்தனை வருஷம் ஆகியிருந்தது! வீட்டுக்குப் போய்ப் பிரவீணாவிடம் அதையே இரண்டு தரம் சொன்னான்.

ஜனவரியில் பள்ளியில் கண்காட்சி வைத்தார்கள். வெண்மதி ‘பொய்ப் படத்தைக் கண்டுபிடிப்பது எப்படி’ என்று எடுத்துக்கொண்டாள். “எங்கியோ இருக்கற படம் வேணாம்மா. நம்ம ஊர்ல தினமும் கண்ணுல படற படமா எடு. அப்பதான் பாக்கறவங்களுக்கு ஒறைக்கும்” என்று யோசனை சொன்னது சிவசங்கர்தான். அவள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் தினமும் கண்ணில் படுகிற படம் எது? பள்ளிக்கூட பேனர்தான். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. அந்தப் பன்னாட்டு நண்பர்கள் எந்த நாடு என்று தெரிந்துகொண்டால் கண்காட்சியில் எழுதலாமே என்றுதான் தேடினாள். வந்து நின்றது எது தெரியுமா? எங்கேயோ வெளிநாட்டில் ஒரு பல் டாக்டர் விளம்பரம். அப்புறம் ஒரு குழந்தைத் துணிக்கடை, ஒரு சத்துமாவு. அதே நாலு பிள்ளைகள், அதே பல்.

“சார், நம்ம ஸ்கூல் ஃப்ரெண்ட்ஸு சத்துமாவு விக்கறாங்க சார்!”

சிவசங்கர் விழுந்து விழுந்து சிரித்தான். சந்தோஷத்தில் அவனுக்குப் பயமே மறந்துபோயிற்று. சொல்லிக்கொடுத்தது ஒரு பிள்ளையின் மண்டையில் ஏறி, அது தானாகவே அடுத்த அடியை எடுத்துவைத்திருக்கிறது. வாத்தியாருக்கு வேறென்ன வேண்டும்? “சூப்பர்மா. இத அப்படியே வை” என்று சொல்லிவிட்டான். அன்று ராத்திரி படுத்த பிறகுதான் தாளாளர் கிருஷ்ணமூர்த்தியின் ஞாபகம் வந்தது. காலையில் போய் எடுத்துவிடச் சொல்லலாம் என்று நினைத்தான். காலையில் அவள் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. தாளாளர் எல்லா மேஜைக்குமா வந்து பார்க்கப்போகிறார் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டான்.

தாளாளர் வரவில்லைதான். பெற்றோர்கள் வந்தார்கள். ஒருவர் சிரித்தார், இன்னொருவர் செல்போனில் படம் பிடித்தார். சாயங்காலத்துக்குள் செஞ்சி கடைத்தெருவில் அதைப் பார்க்காத ஆள் இல்லை. போட்டிப் பள்ளிக்காரர்கள் இனிப்பு வாங்கிக் கொடுக்காததுதான் குறை.

மறுநாள் தாளாளர் அறையில் வெண்மதி நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் வீராசாமி. மார்க்கெட் கமிட்டியில் விற்கக் கொண்டுவந்த மணிலா மூட்டையை இறக்கிப் போட்டது போட்டபடி ஓடி வந்திருந்தார். உட்காரச் சொல்ல ஆளில்லாததால் அவரும் நின்றுகொண்டிருந்தார். சிவசங்கர் உள்ளே போனதும் கிருஷ்ணமூர்த்தி அவனுக்கு மட்டும் டீ சொன்னார்.

“இன்னா சார், பசங்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லித் தரச் சொன்னா சிஐடி வேலை சொல்லித் தரீங்க? பேனர் பொய்யின்னே வெச்சுக்குவோம். எந்த பேனர் சார் நெசம்? காது குத்துக்கு வெக்கறானே, மாமனுங்களுக்கெல்லாம் கூலிங்கிளாஸ் மாட்டி, அதையும் தேடிப் பாக்கறதுதான?”

அவர் குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

“நான் ஒண்ணுதான் கேக்கறேன். இத நீங்க சொல்லிக்குடுத்து வெச்சுதா, இல்ல அதுவா வெச்சுதா? நீங்கதான்னா நாம தனியா பேசிக்குவோம். உங்க ஒரிஜினல்லாம் பீரோல பத்திரமா இருக்குது, அதப்பத்தி டென்ஷன் ஆகாதீங்க. அதுவா பண்ணியிருந்தா கொழந்த, ஒரு சாரி சொல்லிட்டுப் போவட்டும். பேரண்ட்ஸ் குரூப்ல நீங்க ஒரு வார்த்த போட்டுடுங்க, தேடினதுல தப்பு ஆயிடுச்சுன்னு.”

டீ வந்தது. சிவசங்கர் அதைத் தொடவில்லை. நான்தான் வைக்கச் சொன்னேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? மூச்சு விடுகிற நேரம். அந்த நேரத்துக்குள் மனசில் யுவஸ்ரீ வந்தாள், பிரவீணா வந்தாள், பீரோவின் சாவிக்கொத்து வந்தது. சான்றிதழ் இல்லாமல் எந்தப் பள்ளிக்கூட வாசலில் போய் நிற்பான்?

“நான் வாட்ஸப்ல வர்ற படத்த எடுக்கச் சொன்னேன் சார். ஸ்கூல் பேனர எடுக்கச் சொல்லல.”

“ரிசல்ட்டு?”

“அது... கம்ப்யூட்டர் சொல்றதெல்லாம் சரின்னு சொல்ல முடியாது சார். ஒரே ஜாடையில வேற பசங்க இருக்கலாம்.”

கிருஷ்ணமூர்த்தி, “எனக்கு இன்னாத்துக்கு சொல்றீங்க? அதுக்குச் சொல்லுங்க” என்று கையைக் காட்டினார்.

சிவசங்கர் வெண்மதி பக்கம் திரும்பினான். “நீ பாத்தது தப்பும்மா” என்றான்.

பாவி! ஒரு வருஷமாகக் கண்ணைத் திற, கண்ணைத் திற என்று சொன்னவன் சொன்ன சொல் இது. வெண்மதி வாயைத் திறந்தாள். சார், நீங்களும் பாத்தீங்களே, சிரிச்சீங்களே என்று கேட்டுவிடப்போகிறாள் என்று நினைத்தான். கேட்டுவிட மாட்டாளா என்றும் இருந்தது அவனுக்கு. அவள் கேட்டிருந்தால் ஒருவேளை, ஒருவேளைதான், ஆமாம் என்று சொல்லியிருப்பான். அவள் அவனைப் பார்த்தாள், மேஜையைப் பார்த்தாள், பீரோவைப் பார்த்தாள். கெட்டிக்காரப் பெண் அல்லவா, இங்கே எது எப்படி நடக்கிறது என்று புரிந்துகொள்ள அவளுக்கு அதிக நேரம் தேவைப்படவில்லை.

“நான்தான் சார் தப்பாத் தேடிட்டேன். சாரி சார்.”

வீராசாமிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிவசங்கரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவர் கையில் செம்மண் காய்ந்திருந்தது. “சின்னப் பொண்ணு, தெரியாம பண்ணிடுச்சு சார். நீங்க சொன்னதாலதான் வுட்டுட்டாரு. உங்கள நம்பிதான் சார் இங்க சேத்தேன்” என்றார். அதற்குப் பதில் செருப்பைக் கழற்றி அடித்திருக்கலாம் அவர். குரூப்பில் போட வேண்டியதை அன்று மதியமே போட்டான்.

அதற்குப் பிறகு வெண்மதி வகுப்பில் கேள்வி கேட்கவில்லை. சொன்னதை எழுதினாள், எழுதச் சொன்னதைப் படித்தாள், முதல் மார்க் வாங்கினாள். சார் என்று மரியாதையாக எழுந்து நின்றாள். அந்த மரியாதையைப் பார்க்கப் பார்க்க அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோபப்படவும் வழியில்லை.

பரீட்சை முடிந்து அட்மிஷன் காலம் வந்தது. கிருஷ்ணமூர்த்தி அவனைக் கடைக்கே கூப்பிட்டார். பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, “அந்தச் சிங்கவரத்துப் பொண்ணுக்கு நல்ல மூள சார். நான் மறக்கல. இந்த வருசம் பேனர அது கையாலயே டிசைன் பண்ண வெச்சிடுங்க. ஃபீஸ்ல கொறச்சுக்கலாம்னு அவங்க அப்பன்கிட்ட சொல்லிட்டேன். எவன் தேடினாலும் மாட்டக் கூடாது, அதான் முக்கியம்” என்றார்.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். முன்பே ஒரு தடவை சொல்லாதவனுக்கு இரண்டாம் தடவை எங்கிருந்து வரும்? அந்தப் பெண்ணாவது முடியாது என்று சொல்லட்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டான். அவள் சரி சார் என்றாள்.

வெயிலில் லேப் கொதித்தது. வெண்மதி காலையிலிருந்து கம்ப்யூட்டரை விட்டு எழவில்லை. மதியம், “சார், இங்க வந்து பாருங்க” என்று கூப்பிட்டாள். கூப்பிட்டது பழைய குரலாக இருந்தது. அவன் ஏறக்குறைய ஓடினான்.

திரையில் நாலு பிள்ளைகள். இந்தத் தடவை எல்லோருக்கும் பள்ளிச் சீருடை. பின்னால் கோட்டை மதில், பாறை, செஞ்சி வெயில் எல்லாம் அச்சு அசலாக இருந்தது. வெள்ளைக்காரப் பிள்ளையின் டையில் பள்ளியின் சின்னம்கூட இருந்தது.

“யாரும்மா இவங்க?”

“யாருமே இல்ல சார். ஏஐல பண்ணேன். வேற யார் படத்தயாவது எடுத்தாதான மாட்டுவோம்? இவங்க எந்த ஊர்லயும் இல்ல. எப்பிடித் தேடினாலும் வராது.”

மாட்டுவோமாம். அவனையும் சேர்த்துத்தான் சொன்னாள்.

சிவசங்கர் உட்கார்ந்தான். படத்தைப் போட்டுத் தேடினான். பாதியை வெட்டித் தேடினான். ஒவ்வொரு முகமாக எடுத்துத் தேடினான். தனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் செய்து பார்த்தான். ஏதாவது ஒன்று வந்துவிடாதா, ஒரு பல் டாக்டர், ஒரு சத்துமாவு, ஏதாவது ஒன்று வந்து அவளைப் பிடித்துக்கொடுத்துவிடாதா என்று தவித்தான். ஒன்றுமே வரவில்லை.

வெண்மதி அவன் தோளுக்குப் பின்னால் நின்று திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்த ஓரத்துல இருக்கற பொண்ணு சிரிப்பு மட்டும் கொஞ்சம் பொய்யாத் தெரியுது சார். எழுந்திரிங்க, நெசம் மாதிரி பண்ணிடறேன்” என்றாள்.

அவன் எழுந்து இடம் விட்டான்.