சிலுப்பாத எலிகள்

எலிகளுக்குப் பைத்தியம் பிடிக்க வைப்பதற்காக எனக்குச் சம்பளம் தருகிறார்கள் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். அதை முற்றிலும் தவறான நம்பிக்கை என்று சொல்லிவிட முடியாது. மல்லசமுத்திரத்தை அடுத்த எங்கள் தோட்டத்தில், கடலைக்காய் மூட்டைகளை எலி அறுக்காமல் காப்பதே பாதி விவசாயம். "நாங்க இங்க எலிக்கு மருந்து வெக்கறோம். நீ அங்க சக்கரத்தண்ணி வெக்கறயாக்கும்?" என்பார் அப்பா. அம்மா ஊராரிடம், "சேலத்துல டாக்டரா இருக்கறா" என்பதோடு நிறுத்திக்கொள்வார். நோயாளிகள் யார் என்று சொல்வதில்லை. மனச்சோர்வு என்றொரு நோய் உண்டென்பதையும் அவர் ஏற்கவில்லை. "நாலு நாளு காட்டுல களை எடுத்தா அதெல்லாம் ஓடிப் போயிரும்" என்பது அவருடைய மருத்துவம்.

எண்பதுகளின் முற்பகுதி அது. சேலத்தில் ஒரு கல்லூரியின் மருந்தியல் துறையில் விரிவுரையாளராக இருந்துகொண்டே முனைவர் பட்டத்துக்கும் பதிவு செய்திருந்தேன். விலங்காய்வில் புதிதாக இறங்கும் பிள்ளைகளுக்கு உதவக்கூடும் என்பதால் அந்நாளில் நடந்த ஒன்றை எழுதிவைக்கிறேன்.

துன்பப் பட்டியல்

என் ஆய்வுக்குக் கைடாக இருந்த பேராசிரியரே துறைத்தலைவரும் ஆவார். சென்னைக்காரர். வெளிநாட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டு, ஓர் ஆய்வுக் கட்டுரையின் ஜெராக்ஸ் பிரதியோடு திரும்பியிருந்தார். முறை எளியது. எலிகளுக்குச் சிறு சிறு துன்பங்களை, எப்போது எது வரும் என்று ஊகிக்க முடியாதபடி, வாரக்கணக்கில் தர வேண்டும். ஒரு நாள் கூண்டைச் சாய்த்து வைப்பது, ஒரு நாள் படுக்கை உமியை நனைப்பது, ஒரு நாள் தீனியை நிறுத்துவது. சில வாரங்களில், முன்பு ஆசையாகக் குடித்த சர்க்கரைத் தண்ணீரை எலி குடிக்காமல் விட்டுவிடும். ஆசை அற்றுப்போகும் அந்த நிலை மனிதரின் மனச்சோர்வை ஒத்தது. மருந்து கொடுத்தால் ஆசை திரும்பும். இடைப்பட்ட நேரத்தில் அட்ரினல் சுரப்பிக்கும் மூளைக்கும் என்ன நேர்கிறது என்று பார்க்கலாம்.

"உலகமே இதைத்தான் செய்யப் போகுது, கோகிலா. நாம முந்திக்கணும்" என்றார்.

அவரிடம் பணியாற்றிய எங்களுக்கு அந்த முறை புதிதாகத் தோன்றவில்லை. விடுப்பை முந்தின நாள் மாலை ரத்து செய்வது, காரணம் சொல்லாமல் அறையை மாற்றுவது, பகல் உணவு வேளையில் கூட்டம் போடுவது ஆகியவற்றை அவர் எவ்விதக் கட்டுரையும் படிக்காமலே செய்துவந்தார்.

துன்பம் பெறும் பன்னிரண்டு எலிகள் ஸ்ட்ரெஸ் குரூப், ஒப்பிட்டுப் பார்க்கத் துன்பம் தராமல் வைத்த பன்னிரண்டு கண்ட்ரோல். ஒவ்வொன்றுக்கும் தனிக்கூண்டு. துன்பம் தரும் பணி, அனிமல் ஹவுஸ் அட்டெண்டர் செங்கோடனுடையது. அவர் திருச்செங்கோட்டுப் பக்கம். ஒன்பது ஆண்டுகளாகத் தற்காலிக ஊழியர். பணியை நிரந்தரமாக்கும் கோப்பு ஒருவழியாக நகரத் தொடங்கியிருந்தது. பணி திருப்திகரம் என்று துறைத்தலைவர் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். அந்தக் கையெழுத்துக்காக அவர் குடும்பமே காத்திருந்தது என்பது துறையில் எல்லோருக்கும் தெரியும்.

சேலத்து எலி

ஏழாவது வாரம் சர்க்கரைத் தண்ணீரை அளந்தோம். துன்புற்ற எலிகள், துன்பம் அறியாத எலிகளைவிடக் கொஞ்சம் அதிகமாகவே குடித்திருந்தன. எடையும் கூடியிருந்தது. தொட்டால் கடிக்கவும் இல்லை.

பேராசிரியர் முதலில் ரேஷன் சர்க்கரையைச் சந்தேகித்தார். கடையில் நல்ல சர்க்கரை வாங்கினோம். இன்னும் கூடுதலாகக் குடித்தன. பிறகு, "இந்த ஊர் எலிக்கு மனச்சோர்வே வராதா?" என்று என்னைக் கேட்டார், ஊர்க்காரி என்ற முறையில் நான் பதில் சொல்லக் கடமைப்பட்டவள் போல. மூன்றாம் நாள் அவருக்கு வழி பிறந்துவிட்டது.

"ரிசல்ட் டேபிள்ல ரெண்டு தலைப்பையும் இடம் மாத்திப் போட்டுடும்மா. கண்ட்ரோல்னு இருக்கற இடத்துல ஸ்ட்ரெஸ்னு போடு. அவ்வளவுதான். எலி வந்து சாட்சியா சொல்லப் போகுது?"

ஒரு வாரம் அவகாசம் கேட்டேன்.

டிக்கும் புள்ளியும்

துன்பப் பதிவேட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படித்தேன். ஒவ்வொரு நாளும் ஒவ்வோர் எலிக்கும் எதிரே செங்கோடன் டிக் போட வேண்டும். முதல் வாரம் முழுவதும் டிக். இரண்டாம் வாரத்தில் இங்குமங்கும் சில புள்ளிகள். நான்காம் வாரத்தில் பாதிக்கு மேல் புள்ளி. ஆறாம் வாரத்தில் டிக்கைத் தேட வேண்டியிருந்தது. ஒவ்வொரு வாரத்தின் அடியிலும் 'சரிபார்க்கப்பட்டது' என்று என் கையெழுத்து, பச்சை மையில்.

"செங்கோடன், இந்தப் புள்ளியெல்லாம் என்ன?"

"அதுங்களா மேடம், ஒத்துக்காததுங்க."

"யாரு ஒத்துக்கல?"

"எலிதானுங்க."

அவர் முகத்தில் விளையாட்டு இல்லை. மறுநாள் காலை அனிமல் ஹவுஸின் கதவோரம் நின்று பார்த்தேன். அவர் ஒரு டம்ளரில் தண்ணீர் எடுத்துவந்தார். முதல் கூண்டைத் திறந்து, விரல்களை நனைத்து, எலியின் முதுகில் தெளித்தார்.

"சாமி, கூண்டச் சாய்க்கோணும்னு பெரிய டாக்டரு எழுதிக் குடுத்திருக்கறாருங்க. உங்களுக்குச் சம்மதமுங்களா?"

எலி தலையைத் தாழ்த்தி, உடம்பை இறுக்கிக்கொண்டு, கல்லில் செதுக்கியது போல் நின்றது. மயிரில் நீர்த்துளிகள் அப்படியே நின்றன. செங்கோடன் பொறுமையாகக் காத்திருந்தார்.

"சரிங்க சாமி. இன்னிக்கு வேண்டாமுங்க" என்று சொல்லிப் பதிவேட்டில் ஒரு புள்ளி வைத்துவிட்டு, அடுத்த கூண்டுக்குப் போனார்.

பேராசிரியருக்கு இது விளங்கியிருக்காது. எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. எங்கள் குலதெய்வக் கோயிலிலும் கிடாயின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டு அத்தனை சனமும் காத்து நிற்கும். கிடாய் உடம்பைச் சிலுப்பினால் சம்மதம். சிலுப்பாதவரை அரிவாள் இறங்காது. செங்கோடனின் குடும்பம் அவர்கள் கோயிலில் தலைமுறைகளாகத் தண்ணீர் தெளிக்கும் குடும்பம்.

"வாயில்லாச் சீவன்கிட்டக் கேக்காம அதுக்கொரு கஷ்டங் குடுக்க எனக்குக் கை வராதுங்க. மொதல்ல எல்லாமே சிலுப்புச்சுங்க. அப்பறம் எப்படியோ தெரிஞ்சுக்கிச்சுங்க."

நனைந்த எலி சிலுப்பத்தான் செய்யும். அதன் இயல்பு அது. சிலுப்பினால் துன்பம், அடக்கிக்கொண்டால் துன்பமில்லை என்பதைப் பன்னிரண்டும் கற்றிருந்தன.

"கெடா இப்படிப் படிச்சுக்காதா, செங்கோடன்?"

"கெடாவ ஒருக்காத்தானுங்களே கேக்கறம்" என்றார்.

மெமோ

பேராசிரியரிடம் உள்ளதை உள்ளபடியே சொன்னேன். அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார்.

"அட்டெண்டர் எலிகிட்ட பர்மிஷன் கேட்டான்னு தீசிஸ்ல எழுதுவியா? கைடுன்னு என் பேரும் அதுல இருக்கும்மா! அவனுக்கு சர்ட்டிபிகேட் கிடையாது. இன்னிக்கே வெளிய போகட்டும்."

"அவர் எதையும் மறைக்கல சார். புள்ளி வெச்சிருக்கார். பார்க்காம கையெழுத்துப் போட்டது நான். மெமோ எனக்குக் குடுங்க."

கொடுத்தார். மெமோ தருவதில் அவர் என்றுமே கஞ்சத்தனம் காட்டியவரல்லர். செங்கோடனை அன்றே வெளியே அனுப்பும் பேச்சு மட்டும் நின்றது.

பட்டம் வாங்க எனக்கு இரண்டு வழிகள் இருந்தன. தலைப்புகளை மாற்றிப் போட்டால் மூன்று மாதத்தில் முடியும், செங்கோடன் பிழைத்துக்கொள்வார். நடந்ததை எழுதினால் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்க வேண்டும். அவருடைய ஒன்பது ஆண்டுகள் ஒரு பேனா முனையில் போகலாம். இதை நானே முடிவு செய்வது சரியாகப் படவில்லை. அவரை உட்காரச் சொல்லி, இரண்டையும் எடுத்துரைத்தேன். "நீங்க வேண்டாம்னா எழுதல" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனவர் இரண்டு நாள் கழித்து வந்தார்.

"எழுதிருங்க மேடம். செஞ்சத செய்யலீன்னு எப்படிங்க சொல்றது? ஊட்லதான் சம்சாரம் நல்லம்மா ஏசறா. 'ஒம்பது வருசம் எலிப்புழுக்கை அள்ளிப்போட்டு, கடேசீல எலிகிட்டப் போயி யோசன கேட்டயாக்கும்'ங்கறா."

என் கை

ஆய்வைப் புது எலிகளோடு, துன்பம் தராத கண்ட்ரோல் எலிகளையும் சேர்த்து, மறுபடி தொடங்கினோம். பேராசிரியர் முதலில் மறுத்தார். எலியைக் கேட்பது என்பதற்குப் பதிலாக முன்னறிவிப்பு, கட்டுப்பாடு என்னும் இரண்டு ஆய்வுச் சொற்களை எழுதிக் காட்டியதும் இறங்கிவந்தார். பெயர் மாறினால் பொருளும் மாறிவிடும் என்பது அவருடைய ஆய்வு நெறி.

ஓர் அறையில் செங்கோடன் கேட்டுச் செய்வார். அடுத்த அறையில் கேட்காமல் செய்ய ஆள் வேண்டும். அவர் மறுத்துவிட்டார். ஆகவே அது என் வேலையாயிற்று. அவருடைய எலி சிலுப்பினால், அதற்கு இணையான என் எலிக்கும் அதே துன்பம். அவருடையது சிலுப்பாவிட்டால் என்னுடையதும் தப்பியது. துன்பத்தின் அளவு ஒன்றே. கேட்கப்பட்டதா, இல்லையா என்பது மட்டுமே வேறுபாடு.

ஐந்தாம் வாரத்தில் என் எலிகள் சர்க்கரைத் தண்ணீரை விட்டன. கூண்டின் மூலையில் குறுகி, நான் வரும்போதும் போகும்போதும் ஒரே மாதிரி இருந்தன. எனக்கு நல்ல முடிவுகள் கிடைத்துக்கொண்டிருந்தன. அந்த நாட்களில் நான் வீட்டுக்குக் கடிதம் எழுதவில்லை.

கடைசி நாள், சுரப்பிகளை எடுத்து எடைபோட வேண்டும். அதற்கு எலிகள் சாக வேண்டும். செங்கோடன் தம் பன்னிரண்டு எலிகளின் மேலும் தண்ணீர் தெளித்தார். என்ன செய்யப் போகிறோம் என்பதையும் மறைக்காமல் சொன்னார். ஒன்றுகூடச் சிலுப்பவில்லை.  அவர் டம்ளரை மேசையில் வைத்துவிட்டு, "என்னால ஆகாதுங்க மேடம்" என்று வெளியே போனார். மற்றதை நான் செய்தேன். என் எலிகளின் அட்ரினல் சுரப்பிகள் பெருத்திருந்தன. அவருடையவை கண்ட்ரோல் எலிகளுடையவற்றைப் போலவே இருந்தன.

காரணம் எழுதும் கட்டம்

தீசிஸ் பல்கலைக்கழகத்துக்குப் போயிற்று. செங்கோடனின் படிவம் பேராசிரியர் மேசையில் கிடந்தது. 'திருப்திகரம்' என்றால் கையெழுத்து மட்டும் போதும். 'திருப்திகரமன்று' என்றால் காரணத்தை விரிவாக எழுத வேண்டும். அவர் இரண்டு முறை காரணம் எழுதினார். இரண்டு முறையும் அலுவலகக் கண்காணிப்பாளர் படிவத்தோடு திரும்பி வந்தார். இரண்டாம் முறை அவர் வந்தபோது நான் அறையில் இருந்தேன்.

"சார், எலிகிட்ட அனுமதி கேட்டாருன்னு எழுதியிருக்கீங்க. மேல போனா, எலி என்ன சொல்லுச்சுன்னு கேட்டு ஃபைல் திரும்பி வருமுங்க. அதுக்கும் நீங்கதான் பதில் எழுதோணும்."

 பேராசிரியர் என்னைப் பார்த்தார். பிறகு புதுப் படிவம் ஒன்றைக் கேட்டு வாங்கித் 'திருப்திகரம்' என்னும் இடத்தில் கையெழுத்திட்டார். அடுத்த ஆண்டு டெல்லி மாநாட்டில் எங்கள் முடிவுகளை அவரே வாசித்தார். செங்கோடன் அதில் 'பயிற்சி பெற்ற உதவியாளர்' ஆகியிருந்தார்.

மெமோவால் என் பதவி உயர்வு ஓராண்டு தள்ளிப்போனது. குறையொன்றுமில்லை, படிக்காமல் கையெழுத்திட்டவள் நான்தான். என்னிடம் ஆய்வுக்கு வந்த பிள்ளைகளிடம் பின்னாளில் சொன்னதெல்லாம் இவ்வளவே: பதிவேட்டில் டிக்குகளைவிடப் புள்ளிகளை நிதானமாகப் படியுங்கள். கூண்டைத் திறப்பது யார் கை என்பதையும், அந்தக் கை திறக்கும்போது என்ன சொல்கிறது என்பதையும் கட்டுரையின் 'முறைகள்' பகுதியில் சேர்த்து எழுதுங்கள். எழுதுவதற்கு முன் அந்தக் கைக்கு உரியவரைக் கேளுங்கள்.

பேராசிரியர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. செங்கோடன் நிரந்தர ஊழியராகவே ஓய்வு பெற்றார், அவரும் போய்விட்டார். நல்லம்மாள் இருக்கிறார். மாதம் பிறந்தால் குடும்ப ஓய்வூதியம் அவர் பெயருக்கு வருகிறது.