இருபது இறாத்தல் காற்று

இது நடந்த கதை. பேய் என்றால் நடுச்சாமமும் சுடலையும் வேண்டும் என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். இது பட்டப்பகலில், ஆயிரக்கணக்கான சனத்துக்கு நடுவில், கண்டி வீதியில் நடந்தது. அரியாலையில் சைக்கிள் கடை வைத்திருந்த மார்க்கண்டுவைக் கேட்டால் அவரும் இதையேதான் சொல்வார். பொய் சொல்லி அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு, ஒக்டோபர் கடைசி நாள். முதல்நாள் பின்னேரத்திலிருந்து ஆமி வருகிறது என்று யாழ்ப்பாணம் முழுவதும் எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்துகொண்டிருந்தது. மழை விட்டு விட்டுக் கொட்டியது.

செபநாயகத்துக்கு ஐம்பது வயது. கலியாணம் கட்டவில்லை. அவருடைய ஒரே சொத்தும் ஒரே சொந்தமும் ஒரு வீட்டுவான். எண்பத்து மூன்றில் கலவரம் தொடங்கியபோது, கசூரினா கடற்கரையில் தங்கியிருந்த வெள்ளைக்காரத் தம்பதி வானையும் திறப்பையும் அவர் கையில் கொடுத்துவிட்டுப் பறந்துவிட்டார்கள். வானுக்குள்ளே கட்டில், அலுமாரி, அடுப்பு, கையால் அடித்தால் தண்ணீர் வரும் குட்டிக் குழாய் எல்லாம் இருந்தன. வீடு குண்டில் போனபிறகு அவர் அதற்குள்ளேயே படுத்து எழும்பினார்.

வானின் கதவு விளிம்பில் ஒரு சின்னத் தகடு. வெறும் வான் என்றால் பின் ரயரில் முப்பத்தாறு இறாத்தல் காற்று, நிறைய ஆட்களை ஏற்றினால் நாற்பத்திரண்டு. செபநாயகம் ஞாயிறு தேவாலயத்துக்குப் போக மறந்தாலும் இதை மறக்கமாட்டார். அரசாங்கம் பொருள்களுக்குத் தடை போட்டபிறகு ஐந்து வருடமாய்ப் புது ரயர் கண்ணில் படவில்லை. பின் ரயர் இரண்டும் ஒட்டுப்போட்டவை. ஒன்று வெடித்தாலும் வான் கிடந்த இடத்திலேயே கிடக்கும். அதோடு வீடும் போச்சு.

ஆகவே புறப்படுமுன் மனிதர் ஒரு கெட்டித்தனம் செய்தார். பின் ரயர்களின் காற்றைத் திறந்துவிட்டார்.

உஸ்ஸ்ஸ்...

இருபதில் நிறுத்தினார். ரயர்கள் வயிறு தள்ளி நசிந்து நின்றன. திரைச்சீலைகளை இழுத்து மூடினார். இனி யார் பார்த்தாலும் உள்ளே மூச்சுவிட இடமில்லை என்றுதான் நினைப்பார்கள். ஊர்ந்து போகிற வேகத்துக்கு இருபது தாங்கும், கைதடி தாண்டியதும் திரும்ப அடித்துக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. சனம் பிள்ளைகுட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கிற நாளில் இவர் ரயருக்குக் கணக்குப் பார்த்தார்.

பிற்பகல் இரண்டே கால். அரியாலையில் ஒரு கூட்டம் வானை மறித்தது. முன்னால் நின்ற பெண்ணைச் செபநாயகத்துக்கு முகம் தெரியும். தோட்டக்காரப் பராசக்தி. அவர் தோளில் மகள் சாய்ந்து நின்றாள். நிறைமாத வயிறு.

"தம்பி, இவளை மட்டும் ஏத்துங்கோ. நடக்கமாட்டாள்."

"இடமில்லை அம்மா. ரயரைப் பாருங்கோ."

பராசக்தி குனிந்து பார்த்தார். நசிந்த ரயரில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார்.

"உள்ளுக்கை எத்தினை பேர்?"

"ஏழு பேர்."

ஏன் ஏழு என்றார் என்று அவருக்கே தெரியாது. நாற்பத்திரண்டு இறாத்தல் அடித்திருந்தால் ஏழு பேரைச் சுகமாக ஏற்றியிருக்கலாம். அது மட்டும் நன்றாகத் தெரியும்.

"பின்னாலை லொறி ஒண்டு வருகுது. உந்த மதிலோடை ஒதுங்கி நில்லுங்கோ. நனையமாட்டியள்."

லொறி ஒன்றும் வரவில்லை. ஆனால் மதில் இருந்தது. உயரமான பழைய மதில், வெடிப்பு விழுந்து, மழையில் ஊறிக் கறுத்துப்போயிருந்தது.

"ஓம் தம்பி. கவனமாய்ப் போங்கோ," என்றார் பராசக்தி. நம்பிவிட்டார், பாவம்.

வான் நகர்ந்தது.

செம்மணி வெளி வந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் சனம். செபநாயகத்துக்கு ஒன்று விளங்கவில்லை. வானின் முன்பக்கம் லேசாக இருந்தது. பின்பக்கம் இழுத்தது. காற்றுக் குறைந்ததால்தான் என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

ஒரு மனிதர் வானோடு சேர்ந்து நடந்துவந்தார். திரைச்சீலையின் நீக்கலால் உள்ளே எட்டிப் பார்த்தார். பிடிபட்டேன் என்று செபநாயகம் நினைத்தார்.

அந்த மனிதர் தலையை ஆட்டினார்.

"பாவங்கள். நெருக்கியடிச்சு இருக்குதுகள்."

சொல்லிவிட்டு முன்னால் நடந்து போய்விட்டார்.

செபநாயகம் திரும்பிப் பார்த்தார். கட்டில். தலையணை. கேத்தல். வேறொன்றுமில்லை.

அதற்குப் பிறகு ஒருவர்கூட அவரிடம் இடம் கேட்கவில்லை. ஒருவர்கூட. வானுக்கு அருகே வந்தவர்கள் உள்ளே பார்த்தார்கள். விலகிப் போனார்கள்.

நாவற்குழிப் பாலத்தில் ஒரு சத்தம்.

கிர்ர்க்... கிர்ர்க்...

குட்டிக் குழாய். யாரோ தண்ணீர் அடிக்கிற சத்தம். தொட்டி காய்ந்து ஐந்து வருடம்.

அவர் திரும்பவில்லை.

கிர்ர்க்... கிர்ர்க்...

யாரோ மடக் மடக்கென்று குடித்தார்கள்.

கைதடியில் வானை ஓரம் கட்டினார். இன்னும் வெளிச்சம் இருந்தது. பக்கக் கதவைத் திறந்தார். ஒருவருமில்லை. கட்டிலைத் தொட்டுப் பார்த்தார்.

மெத்தை முழுக்க ஈரம். நடுவில் குழிந்திருந்தது.

'ரயரைச் சரியாக்கினால் எல்லாம் சரியாகிவிடும்' என்று அவர் நினைத்தார். புத்தி அப்படித்தான் போனது. காற்றடிக்கும் கால்பம்மைச் செருகி மிதித்தார். கேஜ் முப்பத்தாறு காட்டியது.

ரயர் எழும்பவில்லை.

மிதித்தார். நாற்பத்திரண்டு.

அப்படியே நசிந்து கிடந்தது.

கேஜ் பழுதாக்கும் என்று அதைக் கழற்றி எறிந்தார். இனிக் கண்தான் கேஜ். பன்னிரண்டு வருடமாய்த் தகட்டை நம்பிய மனிதர், அன்று கண்ணை நம்பினார். மிதித்தார்... மிதித்தார்... உள்ளங்கையை ரயரில் வைத்து அழுத்தினார்.

கல் மாதிரி இருந்தது.

ஆனால் நசிந்து... கையை எடுக்கவில்லை.

மிதித்தார்.

டமார்!

ரயர் கிழிந்து பறந்தது. வலது உள்ளங்கை இரண்டாய்ப் பிளந்தது. சனம் யாருடைய சாரத்தையோ கிழித்துக் கட்டிவிட்டுத் தன் பாட்டில் நடந்தது. வான் ஒரு பக்கம் சரிந்து நின்றது. அதற்குள் ஏறாமல், இரவு முழுக்க மழையில் வெளியே குந்தியிருந்தார்.

விடிந்ததும் மார்க்கண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். வானைக் கண்டு நின்றார்.

"அண்ணை, தப்பிட்டியள். நீங்கள் வெளிக்கிட்டு அஞ்சு நிமிசமில்லை, என்ரை கடையடியிலை நிண்ட அந்த மதில் விழுந்திட்டுது."

செபநாயகம் எழுந்து நின்றார்.

"ஆர் செத்தது?"

"பராசக்தி அக்காவும் ஆக்களும். நான்தான் கல்லுப் பிரட்டினனான். ஆறு சனம்..."

மார்க்கண்டு விரலை மடக்கி இன்னொருமுறை எண்ணினார்.

"வயித்துப் பிள்ளையோடை ஏழு."

அந்த நேரம் வீதியோரத்தை மறித்து நின்ற வானை ஒதுக்கப் பொடியள் பத்துப் பேர் வந்தார்கள். வெறும் வான். தோளைக் கொடுத்துத் தள்ளினார்கள். மூச்சைப் பிடித்துத் தள்ளினார்கள். ஒரு அங்குலம் அசையவில்லை.

ஒருவன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு திரும்பினான்.

"அண்ணை, உள்ளுக்கை எத்தினை பேர்?"

"ஏழு பேர்," என்றார் செபநாயகம்.