பெட்டியின் எடையைக் கழிக்க வேண்டாமா?

நாமக்கல்லுக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கோழிப்பண்ணை இருக்கிறது. எடை என்று வந்துவிட்டால் என் கணவர் முன்னால் யாரும் வாயைத் திறக்க முடியாது. மக்காச்சோளம் லாரியில் வந்தால் சரக்கோடு ஒருமுறை எடை போடுவார், இறக்கிய பிறகு வெறும் லாரியை ஒருமுறை போடுவார். மூட்டையில் வந்தால் சாக்கின் எடையைக் கழிப்பார். கல்யாணப் பந்தியில் இலையின் எடையைக் கழித்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார் என்று என் தம்பி கிண்டல் செய்வான். அவருக்கு அதில் சிரிக்க எதுவும் தெரியாது. சாக்குக்கு எதற்குக் காசு என்பது அவர் கட்சி.

இந்த மனிதரோடுதான் நான் முதல்முறையாக விமானம் ஏறினேன்.

மகள் மஸ்கட்டில் இருக்கிறாள். முதல் பிள்ளை உண்டாகியிருந்தாள். வாயில் வைத்தது எதுவும் வயிற்றில் தங்கவில்லை. ஒரு வாய் சாப்பிடுவாள், எழுந்து குளியலறைக்கு ஓடுவாள். மாப்பிள்ளையும் பாவம், விதவிதமாக வாங்கி வந்து பார்த்துவிட்டார். வீடியோவில் அவள் கன்னம் ஒட்டிப்போனதைப் பார்த்து எனக்கு இங்கே சோறு இறங்கவில்லை. ஒருநாள் அவளே சொன்னாள்.

"அம்மா, சூடா சந்தகை பிழிஞ்சு தேங்காப்பாலு ஊத்திக் குடுத்தீன்னா சாப்புட்டுருவேன்னு தோணுது."

சந்தகை என்றால் அவித்த இட்லியைச் சூடு ஆறுவதற்குள் நூல் நூலாகப் பிழிந்தெடுப்பது. கைக்கு அடக்கமான இடியாப்ப அச்சில் அது இறங்காது. எங்கள் வீட்டில் இருப்பது மூன்று கால் வைத்த இரும்பு அச்சு. மேலே பிடியைச் சுற்ற ஒரு ஆள் வேண்டும், கீழே தட்டுப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். தனியாகத் தூக்கினால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும். அதைக் கொண்டுபோவது என்று முடிவு செய்தேன்.

"ஆளுக்கு முப்பது கிலோங்க மாமா. மேல போனா ஒவ்வொரு கிலோவுக்கும் தனியாக் கட்டணுங்க" என்று மாப்பிள்ளை போனிலேயே சொல்லியிருந்தார்.

சேலம் போய் நானே இரண்டு பெட்டிகள் வாங்கினேன். மெரூன் நிறம், நான்கு சக்கரம், எண் பூட்டு. பட்டிக்காட்டு ஆள் மாதிரிப் போய் இறங்கக் கூடாது என்று எனக்கு ஒரு வீம்பு. இவர் அவற்றைப் பண்ணைத் தராசில் காலியாக ஏற்றினார். ஒவ்வொன்றும் ஐந்து கிலோ. அதைச் சுவரில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதிவிட்டு, பிறகு அச்சு, கொள்ளு, ராகி மாவு, நல்லெண்ணெய் என்று அடுக்கி, முப்பத்தைந்து வரும்வரை நிரப்பினார்.

"ஏனுங்க, மாப்பிள்ளை முப்பதுன்னுதானுங்க சொன்னாரு?"

"அது சரக்குக்கு. பெட்டி எடையக் கழிக்காம எவனாச்சும் எடை போடுவானா?"

"எதுக்கும் அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாமுங்க."

"அவரு கம்ப்யூட்டர்ல வேலை பாக்கறவரு. சாக்கு எடையப் பத்தி அவருக்கு என்ன தெரியும்?"

எனக்குச் சந்தேகம்தான். ஆனால் அப்படிக் கணக்குப் போட்டால்தான் எல்லாம் கொள்ளும். அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

தம்பி எங்கள் காரில் கொண்டுவந்து திருச்சி விமான நிலையத்தில் விட்டான். உள்ளே பெட்டிகளை எடை போட்ட பெண், "ரெண்டுமே அஞ்சஞ்சு கிலோ அதிகமா இருக்கு சார்" என்றாள்.

இவர் பெருந்தன்மையாகச் சிரித்தார். "வெறும் பெட்டியே அஞ்சு கிலோம்மா. அதைக் கழிச்சுக்கங்க."

"எதை சார்?"

இவர் லாரியிலிருந்து ஆரம்பித்தார். சரக்கு லாரி, வெறும் லாரி, சாக்கு, முட்டை அட்டை எல்லாம் வந்தன. பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இல்ல சார், பெட்டியோட சேர்த்துத்தான் முப்பது" என்றாள். கட்ட வேண்டிய தொகையையும் சொன்னாள். முட்டை விலை இறங்குகிற அன்று காலையில் இவர் முகம் எப்படி இருக்குமோ, அப்படி ஆனது.

"அந்த இரும்ப எடுத்து உன் தம்பிகிட்டக் குடுத்துப்போடு" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

எனக்கு வந்ததே கோபம். "அந்த இரும்புக்காகத்தானுங்க நாம போறதே! புள்ள அங்க பட்டினி கெடக்கறா. வேணும்னா நீங்க என் தம்பி கூடப் போங்க, உங்க இடத்துல இரும்பு வரட்டும்" என்று கத்திவிட்டேன். வரிசையில் யாரோ சிரித்தார்கள். இவர் தலையைக் குனிந்துகொண்டார். அச்சுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்து, தன் புது வேட்டியில் சுற்றி வைத்தவரே அவர்தான். அவருக்கும் மனசில்லை என்று எனக்குத் தெரியும்.

அப்போதுதான் எனக்குத் தோன்றியது. "ஏனுங்க, கனமா இருக்கறது சாக்குத்தானுங்களே? சாக்க மாத்திருவோம்."

பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தோம். தம்பி இன்னும் கிளம்பவில்லை. எங்கள் கார் டிக்கியில் வேறு எது இல்லாவிட்டாலும் புதுத் தீவனச் சாக்குகளும் நைலான் கயிறும் இருக்கும். வாசலின் வழவழவென்ற தரையில் இருவரும் உட்கார்ந்து எல்லாவற்றையும் இரண்டு சாக்குகளுக்கு மாற்றிக் கட்டினோம். என் மெரூன் பெட்டிகளைத் தம்பி உருட்டிக்கொண்டு போனதை நான் திரும்பிப் பார்க்கவில்லை. கிழிந்தால் தாங்கள் பொறுப்பில்லை என்று அந்தப் பெண் எச்சரித்துவிட்டு, மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றி வரச் சொன்னாள். திரும்ப எடை போட்டால் சரியாக இருந்தது. "இப்பப் பாருங்க, சரக்கு மட்டுந்தான்" என்றார் இவர், தான் ஜெயித்தது போல.

மஸ்கட்டில் பளபளக்கும் பெட்டிகளுக்கு நடுவே எங்கள் சாக்குகள் ஊர்ந்து வந்தன. கொண்டை சிவந்த கோழிப் படமும் 'முட்டைக்கோழித் தீவனம்' என்ற எழுத்தும் தூரத்திலிருந்தே தெரிந்தன. வெட்கம் பிடுங்கித் தின்றது. வெளியே மகள் நின்றாள். பாதியாக இளைத்திருந்தாள். சாக்கைப் பார்த்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் குனிந்து சாக்கின் மேல் தடவி, உள்ளே இரும்புக் காலைத் தொட்டுப் பார்த்து, "அச்சக் கொண்டாந்துட்டியாம்மா" என்று அழுதுவிட்டாள்.

வீட்டுக்குப் போனதும் இட்லி அவித்தேன். இவர் பிடியைச் சுற்றினார், நான் தட்டுப் பிடித்தேன். அவள் தேங்காய்ப்பாலில் பிசைந்து சாப்பிட்டாள். நாங்கள் மூன்று பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். தட்டு காலியானது. சட்டென்று எழுந்தாள். மாப்பிள்ளை குளியலறைக் கதவைத் திறந்துவிட ஓடினார்.

அவள் தட்டை எடுத்துக்கொண்டு அச்சுக்குப் பக்கத்தில் வந்து நின்று, "இன்னுங் கொஞ்சம் பிழிங்கப்பா" என்றாள்.