படகு வரைக்கும்

டைபாய்டு காய்ச்சலில் இருபத்தெட்டு நாள் கிடந்து எழுந்த மகளைப் புதுக்கோட்டை டாக்டர் முன்னும் பின்னும் தட்டிப் பார்த்துவிட்டு, "மருந்து போதும். லீவுல பத்து நாள் கடல் காத்து படட்டும்" என்றார். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. கலியாணமாகிப் பதினாலு வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பெண். டாக்டர் அதைச் சொன்ன நிமிஷத்திலிருந்தே எனக்குக் கலக்கம்தான். நாங்கள் அரிமளத்துக்காரர்கள். கண்மாயும் ஊரணியும்தான் நான் பார்த்த தண்ணீர். கடலில் என்னென்ன ஆபத்து உண்டு என்று எனக்குத் தெரியாது. தெரியாததனால் எல்லா ஆபத்தும் இருக்கும் என்று பட்டது.

திருமயம் பக்கத்து வியாபாரக் குடும்பம் ஒன்று, தை அமாவாசைக்குக் கடலில் குளிக்க வந்தால் தங்குவதற்காக மணமேல்குடிக்குத் தெற்கே ஒரு ஓட்டு வீடு கட்டிப் போட்டிருந்தது. இரண்டு அறை, ஒரு அடுப்படி, வாசலில் நாலு படி, படி முடிந்தால் மணல். மற்ற மாதங்களில் தெரிந்தவர்கள் கேட்டால் சாவி கொடுப்பார்கள். சமையலுக்கு ஆள் கிடையாது. சாமான் கொண்டுபோய் நாமே பொங்கிச் சாப்பிட வேண்டும். என் கணவர் வேலை பார்த்த கோர்ட்டில் அவர்களுக்கு வழக்கு ஏதோ நடந்த வகையில் பழக்கம். அவர் கேட்டார், கொடுத்தார்கள்.

அரிசி, பருப்பு, புளி, வற்றல், சீமெண்ணெய், அரிவாள்மனை எல்லாம் கட்டினேன். அம்மிக் குழவியைக்கூட மூட்டையில் வைத்தேன். கணவர் அதை எடுத்து வெளியே வைத்தார். நான் மறுபடி வைத்தேன். பஸ் மேலிருந்து மூட்டைகள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்ற சாவிக்கார அம்மாள், அதாவது பக்கத்துக் குடிசையில் இருந்துகொண்டு அந்த வீட்டைப் பெருக்கிப் பார்த்துக்கொள்ளும் மீனவப் பெண், வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"இம்புட்டுச் சாமானா? குடி வந்துட்டீகளா வாத்தியாரம்மா?"

நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை என்பதை அதற்குள் எப்படியோ தெரிந்து வைத்திருந்தாள்.

கடலைப் பார்த்ததும் எனக்கு உண்மையில் ஏமாற்றம். அலையே இல்லை. மழைக்குப் பிந்திய கண்மாய் போலப் பரந்து கிடந்தது. கரையில் வந்து சின்னதாக நாக்கை நீட்டிவிட்டுத் திரும்பிப் போயிற்று.

"அலையெல்லாம் எங்கே?" என்று கேட்டேன்.

"அலை வேணும்னா ராமேஸ்வரத்துக்கு அங்கிட்டுப் போவணும். இது வீட்டுக் கடலு" என்றாள்.

அந்த வார்த்தை எனக்கு ஆறுதலாக இருந்தது. அன்று சாயங்காலமே மகளைப் படியில் உட்கார வைத்து எல்லை சொல்லிக் கொடுத்தேன். வாசலுக்கு நேரே, நாலு புடவை நீளம் தள்ளி, ஒரு படகு பாதி மணலிலும் பாதி தண்ணீரிலுமாகக் கிடந்தது. அதைக் காட்டி, "அந்தப் படகு வரைக்கும் போகலாம். அதைத் தாண்டி ஓர் எட்டு வைக்கக் கூடாது. தெரிஞ்சுதா?" என்றேன். "சரிம்மா" என்றாள். அவள் சொன்ன சொல்லைத் தட்டாத பிள்ளை. எங்கள் ஊர்க் கண்மாயில் தண்ணீர் திறந்துவிடும் குமிழி மடையைக் காட்டி இதே போல்தான் எங்களுக்குச் சொல்வார்கள். நாங்கள் யாரும் அதைத் தாண்டியதில்லை.

மூன்று நாள் படகு அதே இடத்தில் கிடந்தது. மேல் பலகைகளுக்கு எண்ணெய் தடவிக் காயப் போட்டிருந்தார்கள். மகள் அதன் நிழலில் கிளிஞ்சல் பொறுக்கினாள். கொஞ்சம் சோறு கூடுதலாக உள்ளே போயிற்று. அப்படியும் நான் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் அடுப்படி ஜன்னலுக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்ப்பேன். படகு இருக்கிறது, பக்கத்தில் பிள்ளை இருக்கிறது. திரும்பி அடுப்புக்கு வருவேன்.

நாலாம் நாள் காலையில் கணவர் காய்கறியும் சர்க்கரையும் வாங்க அறந்தாங்கிக்குப் பஸ் ஏறினார். மணலில் தோண்டிய ஊற்றிலிருந்து சாவிக்கார அம்மாள் தினம் இரண்டு குடம் நல்ல தண்ணீர் கொண்டுவந்து வைப்பாள். அன்று அதில் ஒன்றைக் காய்ச்சி மகளைக் குளிப்பாட்டிவிட்டேன். உப்புத் தண்ணீர் பட்டு அவள் முதுகில் வேர்க்குரு வந்திருந்தது. இன்னொன்று குடிக்க. ஆகவே பருப்புக்குக் கொல்லைக் கிணற்றுத் தண்ணீரை வைத்தேன்.

உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது என்று எனக்குத் தெரியாது. ஒரு மணி நேரம் எரித்தேன். பருப்பு கல் மாதிரி கிடந்தது. பனையோலையைச் செருகிச் செருகி ஊதினேன். புகையில் கண் எரிந்தது. இடையிடையே ஜன்னலுக்குப் போனேன். படகு இருந்தது. அதன் பக்கத்தில் மகளுடைய சிவப்புப் பாவாடை தெரிந்தது. படகு கொஞ்சம் சிறிதாகத் தெரிகிறதே என்று ஒரு தரம் நினைத்தேன். புகை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நான் அப்படி நினைத்தேன் என்பது நிஜம். அதை நான் மறைக்க முடியாது.

"வாத்தியாரம்மா! பிள்ளை எங்கே?"

சாவிக்கார அம்மாள் வாசலில் நின்று கத்தினாள்.

"படகுகிட்ட விளையாடுது."

"அடியாத்தே! அது எங்க வத்தைப் படகாச்சே! விடியவே தள்ளிக்கிட்டுப் போயி ஆழத்துல நிறுத்திப்புட்டு வந்தாக. தண்ணி ஏறுது, வாங்க வெளியே!"

ஓடினேன். காலையில் கடல் பின்வாங்கியிருக்கிறது. எவ்வளவு தூரம் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்; எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து பஸ் நிற்கும் இடம் வரை, ஒரு பர்லாங் இருக்கும். ஈரச் சேறு மினுங்கியது. அதற்கும் அப்பால் தண்ணீரில் படகு நின்றது. அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு என் மகள் நின்றாள். தண்ணீர் அவள் இடுப்புக்கு வந்திருந்தது. படகைத் தாண்டி ஓர் எட்டும் வைக்கவில்லை.

கூப்பிட்டேன். நேரே அவளைப் பார்த்து நடந்தேன். நடந்தேனா ஓடினேனா தெரியாது. முழங்கால் அளவுத் தண்ணீரில் போய்க்கொண்டிருந்தபோதே காலடியில் தரை இல்லாமல் போயிற்று. வாயில் உப்பு. புடவை காலைச் சுற்றியது. பின்னாலிருந்து என் கொண்டையைப் பிடித்து யாரோ இழுத்தார்கள்.

"நேரா போகாதீகன்னு தொண்டை கிழியக் கத்துறேன்! அங்கன கடலுக்கு அடியில வாய்க்கா கெடக்கு. வத்துனப்ப பிள்ளைக்கு முட்டியளவு இருந்திருக்கும், நடந்து போயிருச்சு. இப்ப ஆளை முழுங்கும். இங்கனயே நில்லுங்க. அசையக் கூடாது!"

சேலையை வரிந்து கட்டிக்கொண்டு சாவிக்கார அம்மாள் வடக்கே வெகுதூரம் சுற்றிப் போனாள். எனக்கு அவள் போகும் திசை தவறாகவே பட்டது. பிள்ளை இங்கே இருக்கிறது, இவள் எங்கே போகிறாள் என்று அலறினேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மகள் என்னைப் பார்த்துவிட்டுக் கையை அசைத்தாள். கயிற்றை விட்டுவிட்டு அசைத்தாள். "பிடி! பிடி!" என்று கத்தினேன். தண்ணீர் நெஞ்சுக்கு ஏறியது. காய்ச்சலில் இளைத்த நெஞ்சு, ஒரு சாண் அகலம்கூட இருக்காது. அதையே பார்த்துக்கொண்டு, தொடையளவு தண்ணீரில், அசையக் கூடாது என்று சொன்னதற்காக அசையாமல் நின்றேன். அப்படி எவ்வளவு நேரம் நின்றேன் என்பதை இன்றுவரை என்னால் கணக்கிட முடியவில்லை.

சாவிக்கார அம்மாள் அவளைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு, போன வழியே சுற்றி வந்தாள். கரையில் இறக்கிவிட்டு மூச்சு வாங்கினாள். அப்புறம் என்னைப் பார்த்துச் சிரித்தாள். கோபத்தில் வந்த சிரிப்பு.

"படகப் போயி யாராச்சும் அடையாளம் வைப்பாகளா? ஓடுறதுக்குன்னே செஞ்சதை! அம்புட்டுப் படிச்சு என்னத்தைப் படிச்சீக?"

மகளின் பல் கிட்டிப் போயிருந்தது. துவட்டிவிட்டேன். நடுக்கம் நின்றதும் அவள் கேட்டாள்:

"படகு ரொம்ப தூரம் போயிருச்சும்மா. நீ ஏன் அவ்வளவு தூரம் போகச் சொன்னே?"

அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. நான் எதற்கோ சொல்லியிருக்கிறேன் என்று நம்பித்தான் அந்தச் சேற்றில் நடந்து போயிருக்கிறாள். அடுப்பில் பருப்பு அடிப்பிடித்த வாசனை வந்தது. அதைப் போய் இறக்கி வைத்தேன்.

கணவர் மூன்று மணிக்கு வந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வாங்கி வந்த பையை அடுப்படியில் கொண்டுபோய் வைத்தார். மூட்டை கட்டுங்கள், இன்றைக்கே போய்விடலாம் என்றேன். மகள் அழுதாள். டாக்டர் பத்து நாள் என்றாரே என்றாள். கடைசியில் கணவர்தான், "சமையல் என் பொறுப்பு. நீ அவகூட இரு. ஜன்னல் வழியாப் பார்க்கிற வேலையே வேண்டாம்" என்றார்.

மீதி ஆறு நாளும் அவர்தான் பொங்கினார். தினம் ஒரே குழம்பு. நான் காலையும் மாலையும் புடவையோடு முழங்கால் தண்ணீரில் போய் நின்றுகொண்டேன். "எது வரைக்கும்மா?" என்று அவள் கேட்டபோது, "நான் நிக்கிற வரைக்கும்" என்றேன். அவள் என்னைச் சுற்றிச் சுற்றி விளையாடினாள். பக்கத்தில் வரும்போதெல்லாம் தண்ணீருக்குள் என் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். முதலில் விளையாட்டு என்று நினைத்தேன். இரண்டாம் நாள்தான் புரிந்தது: நான் அங்கேயே நிற்கிறேனா என்று பார்க்கிறாள்.

அவளுக்கு உடம்பு தேறிவிட்டது. ஊருக்கு வந்ததும் டாக்டர் எடை பார்த்துச் சந்தோஷப்பட்டார். அது நடந்து மூன்று வருஷமாகிறது. இப்போது பள்ளிக்கூடத்தில் மணி அடித்து, "வேப்பமரம் வரைக்கும் விளையாடுங்க" என்று பிள்ளைகளை அனுப்பிவிட்டு வகுப்புக்குள் திரும்ப என்னால் முடிவதில்லை. நானும் அவர்களோடு போய் அந்த மரத்தடியில், வெயிலானாலும், இரண்டாம் மணி அடிக்கும் வரை நிற்கிறேன்.